கார் வாங்கப் போகிறீர்களா? முதலில் அதன் முன்னால் போய் நில்லுங்கள்

ஷோரூமுக்குள் போனதும் நம்மில் பலர் முதலில் செய்வது கதவைத் திறந்து டிரைவர் சீட்டில் உட்கார்வதுதான். ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்ப்போம். ஏசி காற்று பின் சீட் வரை வருகிறதா, டிக்கியில் எத்தனை பெட்டி கொள்ளும் என்று கேட்போம். எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் காருக்குள் உட்காரப் போகிறவர்கள் நாலைந்து பேர். அதற்கு முன்னாலும் பின்னாலும் பக்கத்திலும் நடக்கப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். பால் வாங்கப் போகிற பாட்டி, சைக்கிளில் டியூஷனுக்குப் போகிற பையன், பஸ்ஸை விட்டிறங்கி ரோட்டைக் கடக்கிற அம்மா. இவர்களுக்கு அந்த வண்டி எப்படிப்பட்டது என்பதை விலைப் பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. நாமாகத்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு இது புரிந்தது எங்கள் வீட்டு வாசலில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம், காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணாடியிலும் பார்த்தேன், நடுக் கண்ணாடியிலும் பார்த்தேன். எதுவும் இல்லை. பின்னாலிருந்து எதிர்வீட்டுத் தாத்தா டிக்கியை ஓங்கி அறைந்தார். பிரேக்கை மிதித்து இறங்கிப் போனால், பின் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி, இரண்டரை வயதுப் பெண் குழந்தை குந்தி உட்கார்ந்து உருண்டு வந்த பந்தை எடுத்துக்கொண்டிருந்தாள். என் அக்கா மகள். அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. கை நடுக்கம் நிற்க மத்தியானம் ஆயிற்று. அப்புறம்தான், இந்த வண்டியை வாங்கும்போது நான் எதையெல்லாம் பார்க்காமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். முதன்முதலாகக் கார் வாங்குகிறவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த விபத்துகள் 64,105; விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். நம் மாநிலத்தில் 17,884 பேர் இறந்தார்கள். இவ்வளவுக்கும் வண்டியின் வடிவம்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. நடைபாதை இல்லாத ரோடு, வேகம், குடி என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் ரோட்டை உங்களால் ஒரே நாளில் மாற்ற முடியாது. எந்த வண்டியை வாங்குவது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் படி: முன்னால் நின்று அளந்து பாருங்கள்

கையில் ஒரு இஞ்ச் டேப் கொண்டு போங்கள். தையல்காரர் வைத்திருப்பது போதும். காரின் முன்னால், ரோட்டைக் கடக்கும்போது நிற்பது போல நின்று, பானட்டின் முன் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள்.

ஏன் இந்த உயரம்? தாழ்வான, சரிந்த முகப்புள்ள கார் ஒரு பெரியவர் மீது மோதினால் முதலில் பம்பர் காலில் படும். கால் முறியலாம். உடம்பு அப்படியே பானட்டின் மேல் சாய்ந்து உருளும், தலை பானட்டிலோ முன் கண்ணாடியிலோ படும். பானட் மெல்லிய தகடு. கீழே கொஞ்சம் இடம் விட்டிருந்தால் அமுங்கிக் கொடுத்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். அடி பலமானதுதான், ஆனாலும் பிழைக்க வாய்ப்பு இருக்கிறது.

முகப்பு உயரமாகவும் சுவர் மாதிரி நிமிர்ந்தும் இருந்தால் கதை வேறு. முதல் அடியே இடுப்பிலோ நெஞ்சிலோ விழும். உடம்பு பானட்டின் மேல் சாயாது. முன்னால் தள்ளப்பட்டுத் தரையில் விழும், சக்கரத்துக்குக் கீழே போகும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். குழந்தை என்றால் இன்னும் மோசம். ஆறு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 115 செ.மீ. இருக்கும். பானட் விளிம்பு 100 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்தப் பிள்ளையின் நெஞ்சும் கழுத்தும் நேராக கிரில்லுக்கு எதிரே வந்துவிடும்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் நடந்து போனவர்கள் மீது வண்டி மோதிய 17,897 விபத்துகளை ஆராய்ந்து 2023ல் முடிவை வெளியிட்டது. பானட் 40 அங்குலத்துக்கு மேல், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் இருக்கும் வண்டிகள் மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிந்த முகப்புள்ள வண்டிகளைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45% அதிகம். நடுத்தர உயரமுள்ள வண்டிகளிலும் முகப்பு மொண்ணையாக, செங்குத்தாக இருந்தால் ஆபத்து கூடுகிறது என்றும் கண்டார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் டின்டால் செய்த இன்னொரு ஆய்வு, முகப்பு 10 செ.மீ. உயர்ந்தால் நடந்து போகிறவர் இறக்கும் அபாயம் 22% கூடுகிறது என்கிறது. அங்கே பிக்கப் வண்டிகள் அதிகம், நம் ஊர் எஸ்யூவிகள் பல அவற்றைவிடச் சின்னவை. ஆனால் இயற்பியல் எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

ஆகவே இரண்டு மாடல்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால் இந்த அளவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையும் வயல் வரப்பும் உங்கள் அன்றாடம் என்றால் உயரமான வண்டி தேவைப்படலாம். சந்தும் பள்ளிக்கூடமும் மார்க்கெட்டும்தான் உங்கள் வழி என்றால், "ரோட்டில் கெத்தாக இருக்கும்" என்பதற்காக மட்டும் உயர்ந்த முகப்பை வாங்காதீர்கள் என்பது என் கருத்து.

அளந்த பிறகு முகப்பைக் கையால் தடவிப் பாருங்கள். பம்பருக்குப் பின்னால் ஃபோம் வைத்து மென்மையாகச் செய்திருக்கிறார்களா, கூரான விளிம்புகள், நீட்டிக்கொண்டிருக்கும் அலங்காரங்கள் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். பானட்டைத் திறக்கச் சொல்லி, மூடிக்கும் என்ஜினின் மேல் பாகத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று கவனியுங்கள். தகடு அமுங்க இடம் வேண்டும். அந்த இடம் இல்லாத வண்டிகளுக்காகத்தான், மோதிய கணத்தில் பானட்டின் பின்பக்கம் தானாக எழும்பும் ஏற்பாட்டைச் சில நிறுவனங்கள் கொண்டுவந்தன. 2012ல் வால்வோ தன் வி40 காரில் முன் கண்ணாடியின் கீழ்ப்பகுதியை மூடும்படி வெளியே விரியும் ஏர்பேக்கையே வைத்தது. நம் ஊரில் இவை விலை உயர்ந்த வண்டிகளோடு நின்றுவிடுகின்றன. ஆனால் தாழ்ந்த முகப்பும் அமுங்கும் பானட்டும் சின்னக் காரிலும் கிடைக்கும்.

இரண்டாம் படி: நட்சத்திரம் யாருக்கு என்று கேளுங்கள்

"ஃபைவ் ஸ்டார் சார், டாங்கி மாதிரி இருக்கும்" என்று விற்பனையாளர் சொல்வார். சந்தோஷம். அந்த நட்சத்திரம் காருக்குள் இருக்கிற பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தரப்பட்டது. காரை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் தரும் நம் அரசின் திட்டம் பாரத் என்கேப். 2023 அக்டோபரில் தொடங்கிய அந்த முறையில் உள்ளே இருக்கும் பெரியவர்களுக்குத் தனி மதிப்பெண், குழந்தைகளுக்குத் தனி மதிப்பெண். வெளியே நடப்பவர்களுக்கு அப்படித் தனி மதிப்பெண் வைக்கவில்லை. ஏஐஎஸ்-100 என்ற விதிக்கு முகப்பு உட்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். ஆகவே இரண்டு ஐந்து நட்சத்திரக் கார்களில் எது நடப்பவருக்கு மேல் என்று நட்சத்திரத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அந்த ஏஐஎஸ்-100 என்பது என்ன? நடப்பவர் பாதுகாப்புக்கான ஐ.நா. விதியை ஒட்டி எழுதப்பட்டது. தலை போன்ற ஒரு உருண்டையை மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் பானட்டில் பல இடங்களில் மோதவிடுவார்கள். கால் போன்ற ஒரு கருவியை 40 கி.மீ. வேகத்தில் பம்பரில் மோதவிடுவார்கள். அடி எவ்வளவு கடுமை என்பதைக் கருவிகள் அளக்கும். இந்த விதி 2018 அக்டோபரில் புதிய மாடல்களுக்கும், 2020 அக்டோபரில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கும் வந்தது. செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கிறவர்கள் இந்த ஆண்டுகளை மனதில் வையுங்கள். 2016ல் தயாரான ஒரு வண்டி இந்தச் சோதனையைக் கட்டாயமாகத் தாண்டி வந்தது அல்ல. 2021க்குப் பிறகு தயாரானது தாண்டித்தான் வந்திருக்கும்.

உங்கள் மாடல் ஐரோப்பாவிலும் விற்கப்படுகிறது என்றால் இன்னொரு வழி உண்டு. அங்கே இதே போலக் கார்களைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பின் இணையதளத்தில் ஒவ்வொரு காருக்கும் நடப்போர், சைக்கிள்காரர் பாதுகாப்புக்கென்று தனிச் சதவீதம் இருக்கும். கூடவே பானட்டின் படம் ஒன்று, பச்சையிலிருந்து சிவப்பு வரை நிறம் பூசியிருக்கும். எங்கே தலை பட்டால் தாங்கும், எங்கே பட்டால் ஆபத்து என்று ஒரு பார்வையில் தெரியும். அநேகமாக எல்லாக் கார்களிலும் முன் கண்ணாடியின் இரு ஓரத் தூண்கள் சிவப்பாகத்தான் இருக்கும். வண்டியின் கூரையைத் தாங்கும் எலும்பு அது, அமுங்காது. சைக்கிளில் வருகிறவர் நடப்பவரைவிட உயரத்தில் இருப்பதால் அவர் தலை பெரும்பாலும் இன்னும் பின்னால், கண்ணாடிப் பக்கம் போய்ப் படும். அதனால்தான் 2023 முதல் யூரோ என்கேப் தலைச் சோதனையைக் கண்ணாடியிலும் அதன் தூண்களிலும் இன்னும் மேலே வரை நீட்டியிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: பெயர் ஒன்றாக இருந்தாலும் இங்கே விற்கும் வண்டியில் கருவிகள் குறைவாக இருக்கலாம். படத்தை வைத்து வடிவத்தை மட்டும் எடை போடுங்கள்.

மூன்றாம் படி: தண்ணீர் கேனை வைத்துச் சோதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஷோரூமில் 20 லிட்டர் குடிதண்ணீர் கேன் இருக்கும். காலி கேன் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதன் உயரம் ஏறத்தாழ அரை மீட்டர். குந்தி உட்கார்ந்திருக்கும் சின்னக் குழந்தையும் அவ்வளவுதான் இருக்கும். சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்து உட்காருங்கள். கூட வந்தவரைக் கேனை பம்பரை ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். தெரியாது. ஒவ்வொரு டைல்ஸாகத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டே போகட்டும். கேனின் மூடி எப்போது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ அப்போது நிறுத்தி, எத்தனை டைல்ஸ் என்று எண்ணுங்கள். ஷோரூம்களில் பெரும்பாலும் இரண்டடி டைல்ஸ்தான் இருக்கும், கணக்குப் போட வசதி. முன்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, பின்பக்கம் ஒரு முறை. பின்பக்கத்துக்கு முதலில் கேமராவைப் பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பாருங்கள்.

இரண்டு மூன்று வண்டிகளில் இதைச் செய்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். உயரமான வண்டிகளில் "மேலிருந்து ரோடு நல்லா தெரியுது" என்று தோன்றும். தூரத்து ரோடு தெரியும், பக்கத்தில் நிற்கும் குழந்தை தெரியாது. குள்ளமானவர்களுக்கு மறைவு இன்னும் நீளம். வீட்டில் யார் யார் ஓட்டப் போகிறார்களோ அத்தனை பேரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்து அந்த முன் தூண்கள். வலப்பக்கம் திரும்பும்போது வலது தூண் உங்கள் கண்ணுக்கு நேராக வரும். அது பருமனாக இருந்தால் பத்து மீட்டர் தள்ளி நடந்துவரும் ஆள் முழுசாக அதற்குப் பின்னால் மறைந்துபோகலாம். நீங்கள் திரும்பும் வேகமும் அவர் நடக்கும் வேகமும் ஒத்துப்போனால், கடைசி வரை மறைந்தபடியே வருவார். "திடீர்னு எங்கிருந்தோ வந்துட்டார்" என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன். டெஸ்ட் டிரைவில் நாலு வலது திருப்பமாவது எடுத்து, தூண் எவ்வளவு மறைக்கிறது என்று பாருங்கள். வாங்கிய பிறகு, திருப்பத்தில் தலையை முன்னும் பின்னும் ஒரு தடவை அசைத்துப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு சின்ன அசைவு தூணுக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டிவிடும்.

நான்காம் படி: கருவிகளில் எதற்குக் காசு கொடுக்கலாம்

மேல்நிலை மாடலுக்கு ஒன்றரை லட்சம் அதிகம் கேட்பார்கள். அந்தக் காசு சன்ரூஃபுக்குப் போகிறதா, வேறு எதற்கு என்று பிரித்துக் கேளுங்கள்.

ரிவர்ஸ் கேமரா கட்டாயம் வேண்டும். 2019 ஜூலை முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், ஆனால் சென்சார் தாழ்வான, மெல்லிய பொருட்களைத் தவறவிடும், பீப் சத்தம் எதைக் கண்டு வருகிறது என்றும் சொல்லாது. அமெரிக்காவில் 2018 மே முதல் எல்லாப் புதுக் கார்களிலும் பின் கேமரா கட்டாயம். அந்தச் சட்டத்தின் பின்னால் இருப்பது, 2002ல் தந்தையே ரிவர்ஸ் எடுத்த வண்டியில் சிக்கி இறந்த இரண்டு வயதுக் குழந்தை. கேமரா இல்லாத மாடல்தான் கட்டுப்படியாகும் என்றால் வெளியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். லென்ஸை வாரம் ஒரு முறை துடையுங்கள், மழைக்காலத்தில் தினமும்.

தானாக பிரேக் போடும் வசதி இப்போது நடுத்தர விலைக் கார்களிலும் வந்துவிட்டது. கேமராவோ ரேடாரோ எதிரே ஆளைக் கண்டு, நீங்கள் மிதிக்காவிட்டாலும் பிரேக் போடும். கேட்க வேண்டிய கேள்வி: முன்னால் போகும் வண்டிக்கு மட்டுமா, நடப்பவரையும் சைக்கிளையும் அடையாளம் காணுமா? எந்த வேகம் வரை? விற்பனையாளருக்குத் தெரியாவிட்டால் வண்டியின் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள், அதில் தெளிவாக இருக்கும். இருந்தால் நல்லதுதான், ஆனால் அதை நம்பி ஓட்டாதீர்கள். 2019ல் அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் நாலு கார்களைச் சோதித்தது. நிறுத்தியிருக்கும் வண்டிகளுக்கு நடுவிலிருந்து குழந்தைப் பொம்மை ஓடிவந்தபோது, மணிக்கு 32 கி.மீ. வேகத்திலேயே 89% தடவை மோதிவிட்டன. இருட்டில் அந்த வசதி கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. அதற்குப் பிறகு தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, ஆனால் விளக்கில்லாத நம் கிராமத்து ரோடும் கறுப்புச் சட்டைக்காரரும் எந்தக் கேமராவுக்கும் கடினமான பரீட்சைதான்.

மின்சாரக் கார் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறைந்த வேகத்தில் அதற்குச் சத்தமே இருக்காது. பார்வையற்றவர்களும் முதியவர்களும் காதை நம்பித்தான் ரோட்டில் இறங்குகிறார்கள். ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் எல்லாப் புது மின்சாரக் கார்களும் மணிக்கு 20 கி.மீ. வரை செயற்கை ஒலி எழுப்பியே ஆக வேண்டும். நீங்கள் வாங்கும் மாடலில் அந்த ஒலி உண்டா என்று கேளுங்கள். அணைத்து வைக்கப் பொத்தான் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஐந்தாம் படி: ஆக்சசரீஸ் கடையில் சொல்ல வேண்டிய "வேண்டாம்"

கம்பெனியில் பல ஆண்டுகள் உழைத்து, அமுங்கும் பம்பரைச் செய்து கொடுக்கிறார்கள். நாம் ஷோரூமிலிருந்து நேராகக் கடைக்குப் போய் அதன் முன்னால் இரும்புக் குழாயை மாட்டுகிறோம். மனம் கனக்கிற விஷயம் இது. முன் கார்டு மாட்டினால் மோதும் விசை முழுவதும் இரண்டு அங்குலக் குழாய் வழியாக ஒருவர் தொடை எலும்பிலோ ஒரு குழந்தையின் தலையிலோ இறங்கும். நமக்கும் அது நல்லதில்லை. ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தை அது குழப்பிவிடலாம். மத்திய அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இந்தக் கார்டுகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. "எல்லாரும் மாட்டுறாங்க சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய வண்டியில் ஏற்கெனவே இருந்தால் கழற்றி எடைக்குப் போடுங்கள்.

கறுப்பு ஃபிலிமும் வேண்டாம். முன், பின் கண்ணாடி குறைந்தது 70% வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50% வெளிச்சத்தையும் உள்ளே விட வேண்டும் என்பது விதி. அது போலீஸுக்குப் பயந்து பின்பற்ற வேண்டியது மட்டுமல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு, மங்கிய வெளிச்சத்தில் ஓரமாக நடக்கிறவர் உங்கள் கண்ணில் பட வேண்டும். ரோட்டைக் கடக்கிறவரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் நிற்பீர்களா மாட்டீர்களா என்று முடிவெடுக்கிறார். அதே போல நடுக் கண்ணாடியில் தொங்கும் மாலை, பின் கண்ணாடி ஓரம் அடுக்கிய பொம்மைகள், தலையணைகள். சாமி படம் சின்னதாக, டேஷ்போர்டின் ஓரத்தில் பார்வையை மறைக்காமல் இருக்கட்டும்.

பழைய ஹாலஜன் விளக்குக் கூட்டுக்குள் வெளியே விற்கும் எல்இடி பல்பைப் போடுவதும் தப்பு. அந்தக் கூட்டின் வளைவு ஹாலஜன் பல்புக்காகச் செய்யப்பட்டது. எல்இடி வைத்தால் வெளிச்சம் சிதறி எதிரே சைக்கிளில் வருபவரின் கண்ணைக் கூச வைக்கும், அவர் ரோட்டோரப் பள்ளத்தில் இறங்குவார்.

விளக்கு சரியாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சமதளத்தில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் நிறுத்தி லோ பீம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, விளக்கு இருக்கும் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். இடப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறும். அது நடப்பவரைக் காட்டுவதற்காகவே அப்படி. பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். அதைப் பலர் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பின்னால் ஆட்களும் டிக்கியில் சாமானும் ஏறினால் வண்டியின் மூக்கு நிமிர்ந்து வெளிச்சம் மேலே போகும். அப்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் இறங்கும். ஊருக்குப் போகும்போது இதை மறக்காதீர்கள்.

ஆறாம் படி: கதவும் டயரும்

இது சீக்கிரம் முடியும். ரோட்டோரம் நிறுத்தியதும் டிரைவர் வலது கதவை வலது கையால் திறப்பதுதான் இயல்பு. அதை இடது கையால் திறந்து பழகுங்கள். கை குறுக்கே போகும்போது தோள் தானாகத் திரும்பும், பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண் தானாகப் பார்க்கும். இடப்பக்கம் இறங்குகிறவர் வலது கையால் திறக்க வேண்டும். நெதர்லாந்தின் பெயரால் வழங்கும் இந்தப் பழக்கத்தை 2022ல் பிரிட்டன் தன் சாலை விதிக் கையேட்டிலேயே சேர்த்தது. பின் சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

டயரின் பள்ளத்துக்குள் சின்ன மேடு ஒன்று தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் ஆழம் 1.6 மி.மீ. ஆகிவிட்டது என்று பொருள், உடனே மாற்றியாக வேண்டும். ஈர ரோட்டில் அதற்கு முன்பே பிடிப்பு குறைய ஆரம்பித்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

லாரி, லோடு வண்டி வாங்குகிறவர்களுக்கு

தொழிலுக்காக வண்டி எடுக்கிற நண்பர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே பக்கவாட்டில் கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது ஓரத்தில் வந்த சைக்கிள்காரர் விழுந்தால், பின் சக்கரத்துக்குக் கீழே போகாமல் அந்தத் தடுப்புத்தான் வெளியே தள்ளும். பிரிட்டனில் 1980களில் இதைக் கட்டாயமாக்கிய பிறகு, லாரியின் பக்கவாட்டில் மோதி இறக்கும் சைக்கிள்காரர்களின் எண்ணிக்கை 61% குறைந்தது. நடப்பவர்களில் 20%. நம் நாட்டிலும் விதி இருக்கிறது. ஆனால் சாமான் ஏற்ற இடைஞ்சல் என்று கழற்றி வைத்துவிடுகிறார்கள், வளைந்தால் நிமிர்த்துவதில்லை. பாடி கட்டும்போதே உறுதியாகப் போடச் சொல்லுங்கள்.

லண்டனில் 12 டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, டிரைவர் பக்கக் கண்ணாடிகளின் உதவி இல்லாமல் தன் கண்ணால் நேராக எவ்வளவு தூரம் பார்க்க முடிகிறது என்பதை வைத்து நட்சத்திரம் தருகிறார்கள். 2021 மார்ச்சிலிருந்து குறைந்தது ஒரு நட்சத்திரமோ அதற்கு ஈடான பாதுகாப்புக் கருவிகளோ இல்லாமல் ஊருக்குள் நுழைய முடியாது. 2024 அக்டோபரில் அதை மூன்று நட்சத்திரமாக உயர்த்தினார்கள். நாம் செய்யக்கூடியது, முன் கண்ணாடியின் கீழ்ப்பாதியை மறைக்கும் அலங்காரங்களை எடுத்துவிட்டு, இடப்பக்கம் ஒரு குவிகண்ணாடியைக் கூடுதலாக வைப்பது. செலவு சில நூறு ரூபாய்.

ஏழாம் படி: முதல் மாதம், 30ல்

நல்ல முகப்பும் நல்ல பிரேக்கும் வேலை செய்வது ஒரு வேகம் வரைதான். சோதனைக்கூடத்தில் தலை உருண்டையை 35 கி.மீ. வேகத்தில்தான் மோதவிட்டார்கள் என்று மேலே பார்த்தோம். அதைத் தாண்டினால் அந்த வடிவமைப்பு எவ்வளவு காப்பாற்றும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

ஒரு கணக்குப் போடுங்கள். 50ல் போகும் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். 30ல் போனால் 8 மீட்டர் சொச்சம். ஆளைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும் என்று வையுங்கள். காய்ந்த ரோட்டில், நல்ல டயரோடு, 30ல் போகிற கார் ஏறத்தாழ 14 மீட்டரில் நின்றுவிடும். 50ல் போகிற காரோ அந்த 14ஆவது மீட்டரில் இன்னும் பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிருக்காது. ஒரே பிள்ளை, ஒரே தூரம். ஒரு கார் அவன் முன்னால் நிற்கிறது, இன்னொன்று முழு வேகத்தில் மோதுகிறது.

அதனால் புது வண்டியில் முதல் மாதம் தெருவுக்குள்ளும் பள்ளிக்கூடம், கோயில், பஸ் ஸ்டாண்டு பக்கமும் 30ஐத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். சில கார்களில் நீங்களே ஒரு வேக வரம்பை வைத்து, தாண்டினால் சத்தம் வரும்படி செய்யலாம். முதலில் நத்தை மாதிரி தோன்றும். வீட்டுக்கு வந்து சேரும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்தால், ஊருக்குள் இரண்டு மூன்று நிமிடம்தான் கூடியிருக்கும். மாதக் கடைசியில் கால் அந்த வேகத்துக்குப் பழகிவிடும்.

டெலிவரி நாளன்று

பூசை போட்டு, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைப்பீர்கள். வண்டியை நகர்த்தும் முன் ஒரு தடவை சுற்றி நடந்து வாருங்கள். வலது விளக்கிலிருந்து தொடங்கி, முன்பக்கம், இடப்பக்கம், பின்பக்கம், திரும்ப டிரைவர் கதவு. பன்னிரண்டு பதினைந்து அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடும். அந்த நாளில் சொந்தக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் புதுக் காரைச் சுற்றித்தான் விளையாடும், யாராவது ஒருத்தி செருப்பு மாட்டப் பின் சக்கரத்தோரம் குந்தியிருப்பாள். நடந்து முடித்ததும் உடனே ஏறி நகர்த்துங்கள். இடையில் போன் வந்து நின்று பேசினால் மறுபடியும் ஒரு சுற்று.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கார் சாவியைக் கையில் எடுக்கிறவர் "வண்டி எடுக்கிறேன்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து யாராவது "பிள்ளை எங்கிட்ட இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் சாவி திரும்பாது. அக்கா மகளுக்கு இப்போது எட்டு வயது. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்வது அவள்தான்.